பம்பை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு?

ஆலை விபத்து ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு விசாரணைக் குழு அமைக்கப்படுகிறது. அக்குழுவின் அறிக்கை தொழிலாளர் கைக்கு வருவது அரிது. அதன் முடிவு மட்டும் தவறாமல் வந்து சேர்கிறது: மனிதத் தவறு. அந்த மனிதர் யாரென்று பார்த்தால், வால்வை மூட மறந்தவராகவோ பொத்தானை அழுத்தியவராகவோ இருப்பார். பராமரிப்பு நிதியை வெட்டியவரும், ஐந்து பேர் பார்த்த வேலையை இரண்டு பேரிடம் ஒப்படைத்தவரும், பழுதான இயந்திரத்தை மாத இலக்கு முடியும்வரை ஓட்டச் சொன்னவரும் மனிதர்களின் கணக்கில் சேர்வதே இல்லை.

இந்த மோசடியைப் புரிந்துகொள்ள ஆலையிலேயே மிகச் சாதாரணமான இயந்திரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மையவிலக்குப் பம்ப் இல்லாத தொழிற்சாலை இந்தியாவில் இருக்க முடியாது. உருக்காலை, சுத்திகரிப்பு ஆலை, அனல் மின் நிலையம், உர ஆலை, சர்க்கரை ஆலை, நகராட்சிக் குடிநீர் நிலையம் என எங்கும் அது ஓடிக்கொண்டிருக்கிறது. அமைச்சர்கள் திறந்து வைப்பது ஊதுலையை. பம்ப் நிலையத்தை எட்டிப் பார்ப்பவர் எவருமில்லை. ஆலையின் உயிர் அந்தக் கொட்டகையில்தான் இருக்கிறது என்பதைச் சத்தீஸ்கரின் பிலாய் நகரம் 2014ஆம் ஆண்டு ஜூன் 12 அன்று மாலை அறிந்தது.

பிலாய் உருக்காலை சாதாரண ஆலையல்ல. 1955இல் சோவியத் ஒன்றியத்துடன் செய்யப்பட்ட ஒப்பந்தத்தில் பிறந்து, 1959இல் முதல் ஊதுலை இயங்கத் தொடங்கிய பொதுத்துறையின் பெருமிதம் அது. ஊதுலையிலிருந்து வெளிவரும் வாயுவில் ஏறக்குறைய கால் பங்கு கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை, இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் ஒட்டிக்கொள்ளும் நஞ்சு. இவ்வாயுவில் கலந்திருக்கும் தூசியை நீர் பீய்ச்சிக் கழுவுவதற்கென்று வாயுச் சுத்திகரிப்புப் பிரிவு இருக்கிறது. அங்கே இடைவிடாமல் நீரை அனுப்புவது பம்ப் நிலையம். குழாயில் நீரின் அழுத்தம் இருக்கும்வரை வாயு தன் வழியில் போகும். அழுத்தம் வீழ்ந்தால், நீர் வந்த குழாயின் வழியே வாயு பின்னோக்கித் திரும்பும். அன்று மாலை இரண்டாம் எண் பம்ப் நிலையத்தில் ஏற்பட்ட கோளாறால் நீரழுத்தம் வீழ்ந்தது. வாயு திரும்பியது. ஆறு பேர் இறந்தனர். முப்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். இறந்தவர்களில் இருவர் துணைப் பொது மேலாளர்கள்.

நாளேடுகள் இதை வாயுக் கசிவு என்றே எழுதின. பம்ப் நிலைய விபத்து என்று எழுதியிருந்தால், வாசகர் அடுத்த கேள்வியைக் கேட்டிருப்பார். இயந்திரம் என்றால் எப்போதாவது நிற்கத்தான் செய்யும். அது நின்றால் உயிர் போகாதபடி ஏற்பாடு இருக்கிறதா என்பதே கேள்வி. இரண்டாவது பம்ப் தானாக இயங்கியதா? அதற்கு வேறு மின்வழி இருந்ததா? நீர் பின்வாங்காமல் தடுக்கும் வால்வு கடைசியாக எப்போது கழற்றிச் சோதிக்கப்பட்டது? அழுத்தம் வீழ்ந்ததும் பம்ப் நிலையத்தில் இருப்பவர்களை வெளியே ஓடச் சொல்லும் மணி அடித்ததா? பழுதைச் சரிசெய்ய உள்ளே போகிறவருக்குச் சுவாசக் கருவி எத்தனை அடி தூரத்தில் இருந்தது? இக்கேள்விகளில் ஒன்றுகூடப் பம்பை இயக்கும் தொழிலாளியின் கவனத்தையோ ஒழுக்கத்தையோ பற்றியதல்ல. ஒவ்வொன்றும் செலவைப் பற்றியது.

பிலாயில் அதிகாரிகளும் இறந்ததைக் காட்டி, ‘பாதுகாப்பில் வர்க்கப் பிரிவினை இல்லை, அனைவரும் ஒரே குடும்பம்’ என்று பேசுவோர் உண்டு. பழுது ஏற்பட்ட இடத்திற்கு ஓடிவரும் பொறியாளரும் நஞ்சைச் சுவாசிக்கிறார் என்பது உண்மை. அவருடைய சாவு நமக்கும் இழப்புதான். ஆனால் எந்த ஆண்டு எந்தப் பம்பை மாற்றுவது, எதை இன்னும் இரண்டாண்டு ஓட்டுவது என்று தீர்மானிக்கும் அறை அந்தப் பம்ப் நிலையத்திலிருந்து வெகு தொலைவில் இருக்கிறது. அவ்வறைக்குள் எந்த வாயுவும் நுழைந்ததில்லை.

இனி பம்பைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். தொழில்நுட்பம் பொறியாளரின் விஷயம், கூலியும் போனசும்தான் சங்கத்தின் விஷயம் என்று கருதும் தோழர்கள் இப்பகுதியைத் தாண்டிப் போகக் கூடாது. அவர்களை மனத்தில் வைத்துத்தான் இது எழுதப்படுகிறது.

மையவிலக்குப் பம்பின் அமைப்பு எளியது. மோட்டார் ஷாஃப்டைச் சுழற்றுகிறது. ஷாஃப்டின் முனையில் உள்ள இம்பெல்லர், நடுவில் வரும் திரவத்தை விளிம்பை நோக்கி வீசியெறிகிறது. கேசிங் அந்த வேகத்தை அழுத்தமாக மாற்றி டெலிவரிக் குழாயில் தள்ளுகிறது. உள்ளே காற்று நிறைந்திருந்தால் பம்ப் இழுக்காது. ஆகவே முதலில் திரவம் நிரப்பிக் காற்றை வெளியேற்ற வேண்டும். சக்‌ஷன் வால்வு முழுதாகத் திறந்திருக்க வேண்டும். பம்ப் ஓடத் தொடங்கியதும் டெலிவரி வால்வை மெல்லத் திறக்க வேண்டும். ஓட்டத்தைக் குறைப்பதானால் டெலிவரியில்தான் குறைக்க வேண்டும். சக்‌ஷனில் கைவைக்கவே கூடாது. சக்‌ஷனில் அழுத்தம் குறைந்தால் திரவம் உள்ளேயே கொதித்துக் குமிழிகளாகி, அக்குமிழிகள் இம்பெல்லரின் மேல் வெடித்து உலோகத்தை அரிக்கும். கூழாங்கற்களை உள்ளே போட்டு உருட்டுவது போன்ற அந்த ஓசையைப் பம்ப் நிலையத்தில் பத்தாண்டு நின்றவர் வாசலில் வரும்போதே கண்டுகொள்வார்.

ஆனால் கண்டுகொண்டு என்ன செய்வார்? பம்பை நிறுத்த அவருக்கு அதிகாரமில்லை. மேற்பார்வையாளரிடம் சொல்வார், அவர் உற்பத்திப் பிரிவைக் கேட்பார், உற்பத்திப் பிரிவு ‘ஷிப்ட் முடியட்டும்’ என்று சொல்லும். அடுத்த ஷிப்ட்டில் வேறு ஆட்கள், அதே பதில். இம்பெல்லர் தேய்ந்து, ஷாஃப்ட் ஆட்டம் கண்டு, பேரிங் எரிந்து, மெக்கானிக்கல் சீல் கிழிந்து, சூடான எண்ணெயோ அமிலமோ வெளியே பீய்ச்சும்போது அருகில் நிற்பவர் யாரோ அவர் பெயரில் எழுதப்படும் அந்த மனிதத் தவறு.

ஒவ்வொரு விதியும் இப்படித்தான். சக்‌ஷன், டெலிவரி இரண்டும் மூடியிருக்க மோட்டார் ஓடக் கூடாது என்பது பாலபாடம். திரவம் எங்கும் போக முடியாமல் உள்ளேயே சுழன்று, மோட்டாரின் ஆற்றல் முழுவதும் வெப்பமாகி, நீர் ஆவியாகிக் கேசிங் குண்டுபோல் வெடிக்கும். ஆபத்தான இரசாயனம் வேண்டியதில்லை, வெறும் தண்ணீர்ப் பம்புகளே இப்படி வெடித்திருக்கின்றன. இதைத் தடுக்கக் குறைந்தபட்ச ஓட்டத்தைத் திருப்பிவிடும் சிறு குழாயும், வெப்பம் ஏறினால் மோட்டாரை நிறுத்தும் கருவியும் போதும். அவை இல்லாத இடத்தில், தொலைவிலுள்ள கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒருவர் பொத்தானை அழுத்துகிறார். வால்வு திறந்திருக்கிறதா என்று களத்தில் நின்று சொல்ல வேண்டிய ஆளை நிர்வாகம் சென்ற ஆண்டே குறைத்துவிட்டது. எது தவறு? பொத்தானா, ஆட்குறைப்பா?

கிளாண்டு பேக்கிங் உள்ள பம்பில் நீர் சொட்டிக்கொண்டிருக்க வேண்டும். சொட்டும் நீர்தான் பேக்கிங்கைக் குளிர்விக்கிறது. ஆனால் மேலிடத்து அதிகாரி பார்வையிட வருகிறார் என்றால் தரை நனையக் கூடாது. ‘இறுக்கு’ என்று உத்தரவு வரும். இறுக்கினால் பேக்கிங் கருகும், ஷாஃப்டின் உறை தேயும், ஒரு வாரத்தில் சொட்டு பீறிடலாக மாறும். அதிகாரி அதற்குள் ஊர் திரும்பியிருப்பார்.

பேரிங்கின் கதை டெண்டரில் தொடங்குகிறது. பொதுத்துறையில் எல்-1 என்ற ஒரு மந்திரம் உண்டு: எவர் குறைந்த விலை சொல்கிறாரோ அவருக்கே கொள்முதல். மூன்றாண்டு உழைக்க வேண்டிய பேரிங் மூன்று மாதத்தில் சத்தம் போடும். மாற்றுவதற்கு இன்னொரு மலிவான பேரிங். அதையும் மாற்றுகிறவர் குறைந்த விலை சொன்ன ஒப்பந்தக்காரரின் ஆள். கப்ளிங்கின் நேர்கோட்டைச் சரிபார்க்க அரைநாள் பொறுமை வேண்டும்; ஒப்பந்தத்தில் அதற்கு இரண்டு மணி நேரம்.

மோட்டாரைச் சுற்றுக்கட்டிக் கொண்டுவந்த பிறகு கப்ளிங்கைக் கழற்றி வைத்துச் சுழலும் திசையைப் பார்க்க வேண்டும். இரண்டு ஒயர் இடம் மாறினால் மோட்டார் எதிர்த்திசையில் ஓடும், இம்பெல்லரைப் பிடித்திருக்கும் மரை தளரும். பார்த்த பிறகு கப்ளிங்கின் மேல் கூண்டை மாட்ட வேண்டும். நிமிடத்துக்கு ஏறக்குறைய 1450 அல்லது 2900 தடவை சுற்றும் அந்தக் கப்ளிங், தோளில் கிடக்கும் துண்டின் நுனி பட்டால் ஆளையே இழுத்துச் சுருட்டிவிடும். சுழலும் பாகங்களுக்கு வேலி வேண்டும் என்பதை 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21ஆவது பிரிவு கட்டாயமாக்கியது. எழுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் கூண்டைச் சுவரில் சாய்த்துவிட்டு ஓடும் பம்புகளை எந்தத் தொழிற்பேட்டையிலும் காணலாம். அடிக்கடி பழுதாகும் பம்பில் கூண்டைக் கழற்றி மாட்டவே நேரம் போதாது என்பதுதான் காரணம். கூண்டில்லாத பம்பை எவரும் காணும்போது சோம்பேறித்தனம் என்று சொல்லாமல், இம்மாதம் இது எத்தனை தடவை பழுதானது என்று கேட்கட்டும்.

பழுதுபார்ப்பதில்தான் சாவு மிக அருகில் நிற்கிறது. பம்பைத் திறக்கும் முன் மோட்டாருக்கு வரும் மின்சாரத்தைத் துண்டித்து, வேலை செய்பவர் ஒவ்வொருவரும் தம் சொந்தப் பூட்டைப் போட்டுச் சாவியைத் தம் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். சக்‌ஷனையும் டெலிவரியையும் மூடி, ஆபத்தான திரவமாயின் தகட்டால் அடைத்து, உள்ளே இருப்பதை வடித்து, அழுத்தம் பூஜ்யம் என்று கண்ணால் கண்ட பிறகே முதல் போல்ட்டைத் தொட வேண்டும். கடைசி ஆள் தன் பூட்டை எடுக்காமல் உலகத்தில் எந்த மேலாளராலும் அந்த மோட்டாரை இயக்க முடியாது. எண்ணிப் பார்த்தால் இது வியப்பான விதி: முதலாளித்துவ ஆலைக்குள், சில மணி நேரத்திற்கு, ஒரு கூலித் தொழிலாளியின் பையில் இருக்கும் சாவி உற்பத்தியைவிட உயர்ந்ததாகிறது. இவ்விதி எழுத்தில் இருக்கும் அளவுக்குச் செயலில் இல்லாததன் காரணமும் அதுவே.

ஷிப்ட் மாறும்போது இந்த விதி உடைந்தால் என்னவாகும் என்பதற்கு உலகறிந்த சான்று வட கடலின் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை. அங்கிருந்த பம்புகள் நாம் பேசும் வகையைச் சேர்ந்தவையல்ல. ஆனால் பாடம் ஒன்றே. 1988 ஜூலை 6 அன்று ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வு சோதனைக்காகக் கழற்றப்பட்டு, அவ்விடத்தில் தற்காலிக மூடி மட்டும் இருந்தது. இரவு ஷிப்ட்டுக்கு அச்செய்தி போய்ச் சேரவில்லை. மற்றொரு பம்ப் நின்றது. உற்பத்தி நின்றுவிடக் கூடாதென்று, கழற்றியிருந்த பம்பை இயக்கினார்கள். 167 பேர் மாண்டனர். அந்த மேடை எரிந்தபோதும் அதனுடன் குழாயால் இணைந்த பக்கத்து மேடைகள் உடனே உற்பத்தியை நிறுத்தவில்லை. நிறுத்தும் முடிவை எடுக்க அங்கிருந்தோர் தயங்கினர் என்பது விசாரணையில் வெளிவந்தது. யாருக்கு நிறுத்தும் துணிவு வரும், யாருக்கு வராது என்பது அவரவர் குணத்தைப் பொறுத்ததல்ல.

பைப்பர் ஆல்ஃபாவில் நிரந்தர ஏற்பாடுகள் இருந்தும் அந்நிலை என்றால், நம் ஆலைகளின் நிலை என்ன? பொதுத்துறையிலும் தனியார் துறையிலும் பராமரிப்பு வேலை பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளரின் தலையில் விழுந்திருக்கிறது. ஒரு பம்பின் சுபாவம் அதனுடன் வாழ்ந்தவருக்குத்தான் தெரியும்: எந்த வால்வு முழுதாக மூடாது, எந்த அழுத்தமானி பொய் சொல்லும், மழைக்காலத்தில் எந்த மோட்டார் மக்கர் செய்யும். ஒப்பந்தம் கைமாறும்போது அந்த ஆளும் போகிறார், அந்த அறிவும் போகிறது. புதிதாக வருபவர் கையில் பெர்மிட் தாள் நீட்டப்படுகிறது. அது ஆங்கிலத்தில் இருக்கிறது. வந்தவரோ சத்தீஸ்கரியோ ஒடியாவோ போஜ்பூரியோ பேசுபவர். அவர் கையெழுத்திடுகிறார். நாளை விபத்து நடந்தால் அக்கையெழுத்தே நிர்வாகத்தின் கேடயம்.

பிலாயிலேயே 2018 அக்டோபர் 9 அன்று கோக் உலைப் பகுதியின் வாயுக் குழாயில் பராமரிப்புப் பணியின்போது ஏற்பட்ட தீயில் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நான்காண்டு இடைவெளியில், ஒரே ஆலையில், இரண்டாம் முறை.

மார்க்ஸ் ‘மூலதனம்’ மூன்றாம் தொகுதியில் ஐந்தாம் அத்தியாயத்தை முழுதும் இதற்கே ஒதுக்கினார். மாறா மூலதனத்தில் சிக்கனம் என்பது அதன் பொருள். கட்டடத்திலும் இயந்திரத்திலும் காற்றோட்டத்திலும் பாதுகாப்பிலும் மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு காசும் இலாப விகிதத்தை உயர்த்துகிறது. அம்மிச்சம் தொழிலாளியின் உடலிலிருந்து எடுக்கப்படுகிறது. இயங்காமல் காத்திருக்கும் ஸ்டாண்ட்பை பம்ப் மூலதனத்தின் கண்ணுக்கு முடங்கிக் கிடக்கும் பணம். தொழிலாளியின் கண்ணுக்கு அது உயிர். இவ்விரு பார்வைகளுக்கும் நடுவே சமரசப் பார்வை என்று ஒன்று இல்லை.

ஆண்டுதோறும் மார்ச் 4 அன்று தேசியப் பாதுகாப்பு தினம் கொண்டாடப்படுகிறது. கொடி ஏற்றி, உறுதிமொழி எடுத்து, முழக்கப் போட்டியில் வென்றவருக்கு டிபன் பாக்ஸ் தருகிறார்கள். அண்மைக் காலத்தில் ‘நடத்தை சார்ந்த பாதுகாப்பு’ என்ற சரக்கை ஆலோசனை நிறுவனங்கள் விற்கின்றன: தொழிலாளி ஹெல்மெட்டின் வாரை மாட்டினாரா, கைப்பிடியைப் பிடித்துப் படியிறங்கினாரா என்று சக தொழிலாளியே அட்டையில் குறித்துத் தர வேண்டும். வார் மாட்டுவது நல்லதே. ஆனால் நிர்வாகத்தின் நடத்தையைக் குறிக்க அந்த அட்டையில் கட்டம் இல்லை.

சட்டத்தின் போக்கைப் பார்ப்போம். 1984 டிசம்பர் 2 இரவு போபாலில் யூனியன் கார்பைடு ஆலை நகரத்தையே கொன்றது. பராமரிப்பு ஆட்கள் குறைக்கப்பட்டிருந்ததும், குளிரூட்டும் அமைப்பு நிறுத்தி வைக்கப்பட்டிருந்ததும் பிறகு ஊரறிந்த செய்திகளாயின. அந்தப் பிணக்குவியலின் மேல் நின்றுதான் 1987இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. அபாயகரமான தொழில் நடக்கும் ஒவ்வோர் ஆலையிலும் தொழிலாளர், நிர்வாகம் இருதரப்பும் சம எண்ணிக்கையில் அமர்ந்த பாதுகாப்புக் குழு கட்டாயம் என்று 41-ஜி பிரிவு சொன்னது. உடனடி ஆபத்தை எச்சரிக்கும் உரிமையைத் தொழிலாளிக்கு 41-எச் பிரிவு தந்தது. எச்சரிக்கும் உரிமை மட்டும்தான், நிறுத்தும் அதிகாரமல்ல. ஆயினும் அது ஒரு பிடிமானம்.

அந்தப் பிடிமானத்தை மோடி அரசு தளர்த்திவிட்டது. பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு 2020இல், கொரோனா காலத்தில், எதிர்க்கட்சிகள் வெளிநடப்புச் செய்த நிலையில் நிறைவேற்றப்பட்டு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டது. சட்டமே கட்டாயமாக்கிய பாதுகாப்புக் குழு, அரசு ஆணையிட்டால் அமைக்கப்படும் ஒன்றாகச் சுருங்கியது. மின்சக்தி பயன்படுத்தும் இடத்தில் 10 தொழிலாளர் இருந்தால் தொழிற்சாலை என்றிருந்த வரம்பு 20 ஆனது. மோட்டாரும் பம்பும் ஓடும் ஆயிரக்கணக்கான சிறு பட்டறைகள் ஒரே வரியில் அந்த வரையறைக்கு வெளியே தள்ளப்பட்டன. ஒப்பந்தத் தொழிலாளர் பாதுகாப்புக்கான வரம்பு 20இலிருந்து 50 ஆனது. 49 பேரை வைத்துப் பராமரிப்புக் குத்தகை எடுப்பவருக்கு இனிக் கவலையில்லை. ஆய்வாளரின் பெயரிலும் ‘வசதி செய்து தருபவர்’ என்று ஒட்டுச் சேர்த்தார்கள். யாருக்கு வசதி என்று கேட்க வேண்டியதில்லை.

இத்தொகுப்பை எதிர்த்து மத்தியத் தொழிற்சங்கங்கள் நடத்திய வேலைநிறுத்தங்களில் நம் தோழர்கள் முன்னணியில் நின்றனர். எனினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பல ஆலைகளில் பாதுகாப்பு பற்றிய நமது பேச்சு விபத்துக்குப் பிறகே தொடங்குகிறது. இழப்பீட்டுத் தொகையிலும் வாரிசுக்கு வேலையிலும் முடிந்துவிடுகிறது. அவை இரண்டும் போராடிப் பெற வேண்டியவையே. ஆனால் உடன்பாட்டில் கையெழுத்தான மறுநாள் அதே பம்ப் அதே நிலையில் ஓடுகிறது. ஆபத்துப்படி கேட்டுப் பெறுவது இன்னும் மோசம்: ஆபத்து அப்படியே இருக்கட்டும், விலையைக் கொஞ்சம் ஏற்றிக் கொடு என்பதே அதன் பொருள். நிர்வாகங்கள் அப்படியைத் தயக்கமின்றித் தருவதைக் கவனித்திருப்போம். ஸ்டாண்ட்பை பம்பைவிட அது மலிவு.

பம்ப் நிலையத்தில் ஒரு பதிவேடு இருக்கிறது. டெலிவரி அழுத்தம், மோட்டார் ஆம்பியர், பேரிங் வெப்பம் ஆகியவை அதில் மணிக்கு மணி எழுதப்படுகின்றன. அதை எழுதுபவர் தொழிலாளி, படிப்பவர் எவருமில்லை. நம் கிளைகள் அதைப் படிக்கட்டும். ஆறு மாதமாக ஏறிவரும் பேரிங் வெப்பத்தைத் தேதியுடன் எடுத்து, பாதுகாப்புக் குழு இருந்தால் அங்கும், இல்லாவிட்டால் ஆலை வாசலிலும் வைக்கட்டும். நிரந்தரத் தொழிலாளியும் ஒப்பந்தத் தொழிலாளியும் ஒரே பம்பின் முன் நிற்கிறார்கள்; ஒரே மனுவில் இருவர் கையெழுத்தும் இருக்கட்டும். பெர்மிட் தாள் வேலை செய்பவரின் மொழியில் வர வேண்டும். ஒவ்வோர் ஆளுக்கும் சொந்தப் பூட்டு வேண்டும், ஒப்பந்தத் தொழிலாளி உட்பட. ஆபத்தெனக் கண்டால் இயந்திரத்தை நிறுத்தும் அதிகாரமும், நிறுத்தியதற்காக எவரும் தண்டிக்கப்பட மாட்டார் என்ற உறுதியும் ஊதிய உடன்பாட்டில் ஒரு ஷரத்தாக இடம்பெற வேண்டும். விபத்து விசாரணை அறிக்கை முழுமையாக, இணைப்புகளுடன், சங்கத்திடம் தரப்பட வேண்டும்.

ஊதிய உடன்பாட்டுப் பேச்சுவார்த்தை வரும்போது கோரிக்கைப் பட்டியலின் முதல் பக்கத்தில் இவை இருக்க வேண்டும். அதுவரை காத்திராமல் இந்த மாதமே எழுத்தில் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு: எங்கள் ஆலையின் ஸ்டாண்ட்பை பம்புகள் ஒவ்வொன்றும் கடைசியாக எந்தத் தேதியில் இயக்கிப் பார்க்கப்பட்டன?